காதலும் மாயமும்: எங்கள் வாசகசாலைத் திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வாசகசாலையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை படம் போடுகிறோம். இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. சென்ற ஆண்டு முழுவதும் காதலும் மாயமும் கலந்த தமிழ்ப் படங்களையே எடுத்துக்கொண்டோம். படம் முடிந்து கட்டன் சாயா குடிக்கும்போது ஒரே கேள்விகள் மறுபடி மறுபடி வந்தன. கயிறு திரிக்கும் அக்காமார், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்கள் எனக் கேட்டவர்கள் பலர். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

காதல் மாயக்கதைப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பேய்ப் படமும் சாமிப் படமும் இதில் சேருமா?

இருவர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். உலக நடப்பில் இல்லாத ஒன்று அவர்களைச் சேர்த்துவைக்கிறது, அல்லது பிரித்துவைக்கிறது. அந்த ஒன்றை உருவிவிட்டால் கதை நிற்காது என்றால் அதைக் காதல் மாயக்கதை என்பேன். கனவுப் பாட்டில் நாயகனும் நாயகியும் மேகத்தின் மேல் ஆடினால் மட்டும் போதாது. அந்தப் பாட்டை வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

பேய்ப் படம் நம்மைப் பயமுறுத்துவதற்காக எடுக்கப்படுவது. இறந்துபோனவள் தன் மனத்துக்குப் பிடித்தவனைத் தேடி வருகிறாள் என்று தொடங்கி, பயத்தை விட அவளுடைய ஏக்கத்தையே நமக்கு நெருக்கமாகக் காட்டினால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சாமிப் படத்தில் தெய்வம் நினைத்தால் எல்லாம் நடந்துவிடும். காதல் மாயக்கதையில் தெய்வமே வந்தாலும் காதலிப்பவர்கள்தான் பாடுபட வேண்டும்.

தமிழில் இந்த வகைப் படங்கள் புதியவையா?

இல்லவே இல்லை. நம் தாத்தா பாட்டிமார் நாஞ்சில் நாட்டுக் கொட்டகைகளில் பார்த்து வளர்ந்தவை இவை. 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யில் ஒரு தோட்டக்காரன் மகன் இளவரசியை விரும்புகிறான். ‘செல்வத்தோடு வா’ என்கிறார் அரசர். செல்வம் தேடிப் போகிறவனை ஒரு மந்திரவாதி தன் பலிக்கு ஆளாக அழைத்துப் போகிறான். அந்தப் படத்தின் மாயம் முழுவதும் ஒரு ஏழைப் பையனுக்கும் அரண்மனைக் கதவுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடப்பதற்காகத்தான் வருகிறது.

1957இல் வந்த ‘மாயா பஜார்’ இன்னும் நுட்பமானது. அதில் பிரியதர்சினி என்று ஒரு பெட்டி வரும். திறந்து பார்ப்பவருக்கு எது மிகப் பிரியமோ அது அதில் தெரியும். பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான். அவர் மனைவிக்கு நகைகள் தெரிகின்றன. மகள் வத்சலா பார்க்கும்போது அபிமன்யு தெரிகிறான். அந்தப் பெண் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் மூடி வைத்திருந்தது வீட்டார் கண்முன்னே வெளிச்சமாகிவிடுகிறது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த இந்தப் பகுதியை நாங்கள் திரையிட்டபோது பாட்டி ஒருவர் எழுந்து, “அந்தப் பெட்டி நம் வீடுகளில் இருந்தால் எத்தனை கல்யாணம் நின்றுபோகும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கதையில் மாயத்துக்கு உரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மனத்தில் இருப்பதைக் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக்கிக் காட்ட வேண்டும். வானத்தில் பறப்பதும் தீப்பந்து வீசுவதும் அதற்குப் பின்னால்தான்.

ஓடாத படமான ‘இரண்டாம் உலக’த்தை ஏன் முதல் படமாகப் போட்டீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்லியிருக்கிறேன். செல்வராகவன் எழுதி இயக்கிய அந்தப் படம் 2013 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. ஆர்யாவும் அனுஷ்காவும் இரண்டு உலகங்களில் இரண்டிரண்டு வேடங்களில் வருகிறார்கள். பாடல்களுக்கு இசை ஹாரிஸ் ஜெயராஜ், பின்னணி இசை அனிருத். இரண்டாவது உலகத்துக்காக ஜார்ஜியா நாட்டுக்குப் போய்ப் படம்பிடித்தார்கள். இவ்வளவு செய்தும் மக்கள் அந்தப் படத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உலகத்தில் ரம்யா ஒரு மருத்துவர். மது என்பவனைப் பார்த்து, பிடித்துப்போய், தானே போய்க் கேட்கிறாள். நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன், மறுத்துவிடுகிறான். பிறகு அவன் மனம் மாறும்போது அவளுக்கு வேறு இடத்தில் பேச்சு முடிந்திருக்கிறது. ஒருவழியாகச் சேர்ந்ததும் அவள் இறந்துபோகிறாள். இன்னோர் உலகத்தில் வர்ணா என்று ஒருத்தி, யாருக்கும் அடங்காதவள். அவளை அடையத் துடிக்கும் மருவன் என்று ஒருவன். அந்த உலகத்தில் காதல் என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாது. பெண்ணைப் பொருளாக எண்ணும் உலகம் அது. காதலைக் கற்றுக்கொடுக்க இங்கிருந்து மது அங்கே போய்ச் சேருகிறான்.

இந்த எண்ணம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். காதல் எல்லா இடத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் என்று மற்றப் படங்கள் எடுத்துக்கொள்கின்றன. காதல் இல்லாத ஓர் உலகம் எப்படி இருக்கும் என்று இந்தப் படம் கேட்கிறது. பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் காதல் இருக்க முடியாது என்ற உண்மை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தமிழில் இதை முழு நீளப் படமாக எடுக்க ஒருவர் துணிந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எங்கே வழுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது உலகத்தின் விதி பார்ப்பவருக்குப் பிடிபடவில்லை. அங்கே எது முடியும், எது முடியாது, மது ஏன் போக முடிகிறது, போனால் அவன் இழப்பது என்ன என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கிறது. நம் உலகத்துப் பகுதியிலோ ஒரு பெண் நேராக வந்து ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்கிறாள், ஒரு மகன் தந்தையை நினைத்து ‘முடியாது’ என்கிறான். இந்த இரண்டு வரியில் எல்லாமே தெளிவு. எங்கள் திரையிடலில் இடைவேளை வரை ஒருவர் கூட எழுந்து போகவில்லை. அதன்பின் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. வண்ணத்திலும் பிரமாண்டத்திலும் ஒரு குறையும் இல்லாத பகுதியில்தான் கூட்டம் கலைந்தது என்பதைக் குறும்படக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

மாயத்துக்கு விதி எதற்கு? மாயம் என்றாலே எதுவும் நடக்கலாம்தானே?

எதுவும் நடக்கலாம் என்றால் எதைப் பற்றியும் நமக்குக் கவலை இருக்காது. 2012இல் வந்த ‘நான் ஈ’யை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லப்பட்டவன் ஈயாகப் பிறக்கிறான். அவ்வளவுதான் மாயம். அதற்குமேல் அவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது. ஈக்கு என்ன பலமோ அதே பலம், ஈக்கு என்ன ஆயுளோ அதே ஆயுள். பேச்சு கிடையாது. தான் யார் என்று காதலி பிந்துவுக்குத் தெரிவிக்க எழுதித்தான் காட்ட வேண்டும். கையால் தட்டினால் செத்துப்போகும் ஓர் உயிர் தன் காதலியைக் காப்பாற்றப் புறப்படுவதால்தான் பெரியவர்களும் நாற்காலி நுனிக்கு வருகிறார்கள்.

2020இல் வந்த ‘ஓ மை கடவுளே’யில் அர்ஜுனுக்குக் கடவுள் ஒரு டிக்கெட் கொடுக்கிறார். சின்ன வயதுத் தோழி அனுவைக் கட்டிக்கொண்டது தவறு என்று நினைத்து விவாகரத்துக்கு வந்து நிற்பவனுக்கு, அந்தத் திருமணம் நடக்காத ஒரு வாழ்க்கையை வாழ்ந்து பார்க்க வாய்ப்பு. ஒரு துண்டுக் காகிதம்தான். அதை வைத்துக்கொண்டு அவன் கண்டுபிடிப்பது, கூடவே இருந்தவளைத் தான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்பது.

எங்கள் பிள்ளைகளிடம் நான் சொல்லும் கணக்கு இது: ஒரு கதைக்கு ஒரு மாயம், அதற்கு ஒரு விதி, அந்த விதிக்குக் காதலிப்பவர் கொடுக்கும் ஒரு விலை. இந்த மூன்றையும் மூன்று வாக்கியத்தில் சொல்ல முடியாதவரை கேமராவைத் தொட வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இப்படி எடுக்கத் தகுந்த கதை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறதா என்று கேட்பவர்கள் அந்தக் கதையின் மேல்தான் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

குமரிமுனையில் தவம் இருக்கிறாள் ஒரு கன்னி. சுசீந்திரம் கோயிலில் இருக்கிறார் தாணுமாலயன் என்ற இறைவன். இருவருக்கும் திருமணம் பேசி முடிந்தாயிற்று. ஆனால் பாணாசுரன் என்ற அசுரனுக்குக் கன்னி ஒருத்தியால் மட்டுமே மரணம் என்று வரம். திருமணம் நடந்துவிட்டால் அவனை அழிக்க ஆளில்லை. விடிவதற்குள் மாப்பிள்ளை வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. நள்ளிரவில் அவர் புறப்படுகிறார். வழியில் நாரதர் சேவலாகக் கூவுகிறார். நேரம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை வழுக்கம்பாறையிலிருந்து திரும்பிப் போய்விடுகிறார். அங்கே மணக்கோலத்தில் காத்திருந்தவள் கன்னியாகவே நின்றுவிடுகிறாள். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப்போயின. குமரிக் கடற்கரையில் அரிசி போலவும் குருணை போலவும் கிடக்கும் மணலும், சிவப்பு மணலும், கருமணலும் அந்தக் கல்யாணச் சமையல்தான் என்று சொல்லி இன்றைக்கும் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி விற்கிறார்கள். சிவப்புக்குக் காரணம் கார்னெட், கறுப்புக்கு இல்மனைட் என்று அறிவியல் ஆசிரியர் சொல்வார். அவர் சொல்வதும் சரி. ஒரு பொட்டலத்தை வாங்கி உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். உலையில் போடாமல் போன அரிசி என்று ஒருவர் காதில் சொன்னபின் அதை வெறும் மணலாகப் பார்க்க மனம் வராது.

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போகும்போது நடத்துநர் ‘வழுக்கம்பாறை’ என்று குரல் கொடுப்பார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் காய்கறிப் பையோடு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு திருமணம் நின்றுபோன இடம் அது. நான் அந்த நிறுத்தத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியே பார்ப்பேன்.

மாயம், விதி, விலை எல்லாம் இந்தக் கதையில் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மாயம் ஒரு சேவல் குரல். விதி விடியற்காலம். விலை ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதுமான காத்திருப்பு. அந்த விலையைக் கொடுத்துத்தான் உலகம் அசுரனிடமிருந்து தப்புகிறது. அந்தக் கணக்கை அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் நெஞ்சில் குத்துகிறது.

இதை ஒரு நாள் திரையிடலுக்குப் பின் பேசிக்கொண்டிருந்தோம். ராஜாக்கமங்கலம்துறையிலிருந்து மீன் விற்க வரும் அக்கா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: “எங்கள் ஊரில் சேவல் இரண்டு மணிக்கே கூவும். வள்ளம் இறக்குகிறவர்கள் சேவல் குரலைக் கேட்டா போகிறார்கள்? விடிவெள்ளியைப் பார்த்துத்தான் போகிறார்கள். அவர் ஒரு தடவை கிழக்கே பார்த்திருக்கலாமே.”

அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சிறு வயது முதல் கேட்ட கதையில் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது. சேவல் கூவியது நாரதரின் வேலை. கிழக்கே பார்க்காமல் திரும்பி நடந்தது யாருடைய வேலை? இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு படம் எடுக்கலாம். கேட்டவுடன் நம்பித் திரும்பிவிடுகிற மனம் ஒன்று, வருவார் வருவார் என்று வழியைப் பார்த்து நிற்கிற மனம் ஒன்று. இப்படி இரண்டு பேரை நாம் நம் தெருவிலேயே அறிவோம்.

கள்ளியங்காட்டு நீலியைக் காதல் படமாக எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் கை நடுங்க வேண்டும். விரும்பியவனை நம்பி வீட்டை விட்டுப் பின்னாலேயே வந்தவள், அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது நகைக்காகக் கொல்லப்படுகிறாள். பக்கத்தில் நின்ற கள்ளிதான் சாட்சி. மறுபடி வந்து பழிவாங்குகிறாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் இசக்கி அம்மனாக அவளைக் கும்பிடுகிறார்கள். கோயில் கொடை விழா நாட்களில் வில்லுப்பாட்டில் இந்தக் கதை பாடும்போது கூட்டத்தில் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவளை நீள நகமும் விரித்த கூந்தலுமாக மட்டும் காட்டும் படங்களில் எனக்கு உடன்பாடில்லை. மடியில் தலைவைத்துத் தூங்கிய அந்த ஐந்து நிமிட நம்பிக்கையைக் காட்டிவிட்டால் பிறகு நகமே வேண்டாம். இது பலர் வணங்கும் தெய்வம் என்பதையும் மறக்காதீர்கள். எழுதியதை ஊர்ப் பெரியவர்களுக்கும், அந்தக் கதையைப் பாடும் புலவர்களுக்கும் முதலில் படித்துக் காட்டுங்கள்.

மறுபிறவிக் கதைகள்?

‘அனேகன்’ (2015) பர்மாவில் 1962இல் நடக்கும் ஒரு காதலைச் சொல்லித் தொடங்கும். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் திரும்பிய தமிழர்களின் துயரத்தை அதற்குள் கொண்டுவந்தது எனக்குப் பிடித்தது. மற்றபடி, ‘போன பிறவியில் நீயும் நானும்’ என்ற சூத்திரத்தைக் கொஞ்ச காலம் ஓரமாக வைக்கலாம். இந்தப் பிறவியில் பழகிப் பழகிப் பிடித்துப்போவதைக் காட்டும் உழைப்பிலிருந்து தப்பிக்கவே பலர் அதை எடுக்கிறார்கள்.

சிறுவர்களோடு பார்க்கலாமா?

‘மாயா பஜார்’, ‘பாதாள பைரவி’ இரண்டையும் தயங்காமல் பார்க்கலாம். ‘நான் ஈ’யில் கொலையும் அடிதடியும் உண்டு, மிகச் சிறியவர்களுக்கு வேண்டாம். ‘இரண்டாம் உலகம்’ வளர்ந்த பிள்ளைகளுக்கு.

எங்களிடம் கணினி வரைகலைக்குப் பணம் இல்லை. மாயத்தை எப்படிக் காட்டுவது?

‘மாயா பஜா’ரில் ஓடத்தில் போகும் பாட்டின் நிலவொளியைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கணினி இல்லாத காலத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே அதைச் செய்தார். நமக்கு இன்னொரு கொடுப்பினை இருக்கிறது. நம் ஊரிலேயே மாயம் போலத் தோன்றும் காட்சிகள் இருக்கின்றன.

சித்திரை முழுநிலவு அன்று மாலையில் கன்னியாகுமரியில் நின்றால் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். அந்த நாளை வைத்துத்தான் நாங்கள் எங்கள் குறும்படத்தை எழுதினோம். சூரிய வட்டத்தின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட்டது முதல் முழுவதும் மறைவதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். இரண்டு சுடரும் வானில் சேர்ந்து தெரியும் அந்த நேரத்தில் மட்டும் கடலில் போன கணவன் மனைவியின் கண்ணுக்குத் தெரிவான். இது எங்கள் மாயம். சூரியன் மறைந்தால் அவனும் மறைந்துவிடுவான். இது விதி.

முதல் ஆண்டு கிழக்கே மேகம் மூடிவிட்டது. ஆறு பேர், இரண்டு கேமரா, வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கருவி, எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நிலவைக் கணினியில் ஒட்டிவிடலாம் என்று ஒரு தம்பி சொன்னான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் ஆண்டு காத்திருப்பவளைப் பற்றிய படத்துக்கு நாமும் ஓர் ஆண்டு காத்திருக்கலாம் என்றேன். மறு ஆண்டு வானம் தெளிந்தது. ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்பதால் அந்தப் பெண் முந்தைய நான்கு மாலைகள் அதே பாறையில் நின்று ஒத்திகை பார்த்தார்.

எங்கே படம் பிடிக்கலாம்? அனுமதி யாரிடம் கேட்பது?

பத்மநாபபுரம் அரண்மனை பலருடைய ஆசை. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே தொடர்ந்தது. விண்ணப்பம் அவர்களுக்குத்தான் போக வேண்டும். கோயில்களுக்கு அறநிலையத் துறை. கருவறையைப் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம்.

செலவு குறைந்த இடம் வேண்டுமென்றால் மாத்தூர் தொட்டிப்பாலம் போங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போகிறது. இரண்டு உலகங்களை இணைக்கும் வழி என்று கதையில் எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள். முட்டத்தின் செம்மண் பாறைகளும் கலங்கரை விளக்கமும் மாலை வெயிலுக்கு நல்லவை.

மழையைக் கணக்கில் எடுங்கள். சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் ஜூன், ஜூலையில் வெயில் இருக்கும் என்று நினைத்து வந்து நனைந்துபோகிறார்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அந்த மாதங்களில் முட்டம் பாறை விளிம்பில் யாரையும் நிறுத்தாதீர்கள். அலை சொல்லிவிட்டு வராது.

வசனம் எந்தத் தமிழில் எழுதுவது? தெய்வமும் தேவதையும் செந்தமிழ் பேச வேண்டாமா?

செந்தமிழ் பேசினால்தான் தெய்வம் என்பது மேடை நாடகத்திலிருந்து வந்த பழக்கம். நம் மாவட்டத்திலேயே நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. பலாவைச் சக்கை என்றும் மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்றும் சொல்லும் ஊரில் பிறந்த தேவதை அப்படியே சொல்லட்டும். மாயம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்குப் பேச்சு வீட்டுப் பேச்சாக இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல பள்ளிக்கூடம் வில்லுப்பாட்டு. வில்லை வீசுகோல் தட்ட, குடமும் உடுக்கும் தாளமும் சேர, புலவர் தேவலோகத்தைப் பாடிக்கொண்டே வந்து சட்டென்று முன்வரிசைக் கிழவியிடம் அவர் பேசுகிற மொழியிலேயே ஒரு வார்த்தை கேட்பார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’வில்தான் நம்ப முடியாத கதை நம்பத் தகுந்ததாகிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்துதான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார். எவ்வளவு பெரிய கருத்தையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் அவர் சொன்னதற்கு அந்தப் பயிற்சி உதவியிருக்கும் என்று நம்புகிறேன். கொடை விழாக் காலத்தில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள். எழுத்து மாறும்.

உங்கள் குறும்படத்தில் அந்த மனைவி ஏன் அழவில்லை?

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது இது. நான் முதலில் எழுதியபோது அழுதாள். ஒரு பக்கம் முழுக்க வசனம். ‘ஏன் என்னை விட்டுப் போனீர்கள், பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன்’ என்று அவள் கடலைப் பார்த்துக் கதறுவாள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் கரையில் இருக்கின்றன. அதனால் எழுதியதை எடுத்துக்கொண்டு முதலில் ராஜாக்கமங்கலம்துறை அக்காவிடம்தான் போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். வலைக்கண்ணில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

முடித்ததும், “இரண்டு நிமிடம்தானே இருக்கிறது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“பிறகு அவள் அழுதுகொண்டு நிற்பாளா? கண்ணில் தண்ணீர் நிறைந்தால் அவர் முகம் தெரியாதே.”

அவள் என்னதான் பேசுவாள் என்று கேட்டேன். பாசியைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார். நான் எழுதிய பக்கத்தை அப்படியே அடித்துவிட்டு அவர் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டேன். படத்தில் இருப்பது அதுதான். பாறைமேல் அவன் தெரிகிறான். சட்டை நனைந்திருக்கிறது. அவள் முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டப் போகிறாள், கை எட்டவில்லை. மேற்கே சூரியன் பாதி இறங்கிவிட்டது.

“சாப்பிட்டீர்களா?” என்கிறாள்.